15 நொடிக்குள் ஒரு கடை: ஜப்பான் விளம்பரப் பாட்டும் மதுரை ஸ்டுடியோ பேக்கேஜும்

மதுரையில் விளம்பரப் பாட்டு இன்று சுலபமாகக் கிடைக்கிற சரக்கு. டவுன்ஹால் ரோட்டில் துணிக்கடை திறந்தாலும் சரி, ஒத்தக்கடையில் ஸ்வீட் ஸ்டால் போட்டாலும் சரி, கடைப்பெயர், முகவரி, போன் நம்பர், தள்ளுபடி விவரம் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒன்றிரண்டு நாளில் பாட்டு வந்துவிடும். ஆட்டோவில் மைக் கட்டி ஓட்டலாம், லோக்கல் கேபிளில் போடலாம், ஸ்டேட்டஸில் வைக்கலாம். பாடியவர் குரலில் குறை இருக்காது. தவிலும் நாகஸ்வரமும் இருக்கும். ஆனால் கேட்டு முடித்த கொஞ்ச நேரத்தில் அது எந்தக் கடை என்று கேட்டால் பதில் வராது.

தவறு பாடகரிடம் இல்லை, ஸ்டுடியோவிடமும் முழுக்க இல்லை. கடைக்காரர் தன் விசிட்டிங் கார்டை அப்படியே பாடச் சொல்கிறார். ஸ்டுடியோ மறுத்துப் பேசாமல் பாடிக் கொடுக்கிறது. இந்தச் சேவையை எடைபோட இங்கே ஜப்பானிய டிவி விளம்பரப் பாட்டுகளைப் படிக்கல்லாக வைத்திருக்கிறோம். அங்கே டிவி விளம்பரத்தின் வழக்கமான நீளம் 15 நொடி. அதிலும் தொடக்கத்தில் அரை நொடி, முடிவில் அரை நொடி சத்தமே இருக்கக் கூடாது என்பது ஒளிபரப்பு நிறுவனங்களின் விதி. ஒரு விளம்பரத்தின் ஒலி அடுத்ததன் மேல் ஏறாமல் இருக்க இந்த ஏற்பாடு. ஆக மெட்டமைப்பவர் கையில் மிஞ்சுவது 14 நொடி.

14 நொடி என்றால் எவ்வளவு? டெம்போ 120, அதாவது நிமிடத்துக்கு 120 பீட் வைத்தால் 28 பீட். நாலு நாலாக எண்ணினால் 7 பார். எட்டு எண்ணிக்கைக்கு ஒரு சுற்று (ஆவர்த்தனம்) போகிற ஆதி தாளத்தில் சொன்னால் மூன்றரை ஆவர்த்தனம். கடைசி அரை ஆவர்த்தனத்தை, அதாவது 2 நொடியை, பெயருக்கு ஒதுக்கிவிட்டால் பாட்டுக்கு மூன்று ஆவர்த்தனம். இதற்குள் ஒரு விஷயத்தைச் சொல்லலாம். இரண்டைச் சொன்னால் இரண்டும் நிற்காது. மதுரை பேக்கேஜில் 30 நொடிப் பாட்டுத்தான் வழக்கம் என்பதால் இரு மடங்கு சொல்லலாம் என்று நினைக்க வேண்டாம். இடம் கூடினால் பாட்டு நீளுவதில்லை, பட்டியல்தான் நீளுகிறது.

சின்ன ஊர்க் கடைக்காரர் முதலில் கேட்க வேண்டியது ஒரு வெந்நீர் ஊற்று ஹோட்டலின் பாட்டு. ஷிசுவோக்கா மாவட்டத்தில் இட்டோ என்கிற ஊரில் இருக்கும் ஹடோயா ஹோட்டலுக்கு 1961-இல் செய்தது. எழுதியவர் நோசகா அகியுகி. பிற்பாடு நாவலாசிரியராகப் பெரும்பெயர் எடுத்தவர். மெட்டு இசூமி டாக்கு. பாட்டின் சங்கதி இவ்வளவுதான்: இட்டோவுக்குப் போனால் ஹடோயா, போன் நம்பர் 4126. ரூம் எத்தனை, சாப்பாடு என்ன, கார் நிறுத்த இடம் உண்டா என்பதெல்லாம் கிடையாது. அந்த நாலு எண்ணும் ஜப்பானிய உச்சரிப்பில் நல்ல குளியல் என்று காதில் விழும். குளிக்கத்தானே அந்த ஊருக்குப் போகிறார்கள். மெட்டு கடைசியில் அந்த எண்ணின் மேலேயே உட்கார்ந்து அதைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறது. தொலைபேசி எண்ணைப் பாடலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

நம்மூரில் ஏன் இது நடக்காது என்பதற்கும் இதே பாட்டுத்தான் சாட்சி. மொபைல் நம்பருக்கு 10 இலக்கம். தமிழில் எண்களுக்குப் பெரும்பாலும் இரண்டு அசை (சிலபிள்). ஒன்பதும் இரண்டும் வந்தால் மூன்று. ஆக ஒரு நம்பரைப் பாடச் சுமார் 22 அசை வேண்டும். புரியும்படி பாடினால் 5 நொடி போய்விடும். 14-இல் 5 கொடுத்து, யாரும் மனப்பாடம் செய்யப்போகாத ஒன்றை வாங்குகிறோம். நம்பரை கேபிள் விளம்பரத்தின் கடைசிக் காட்சியில் பெரிதாக எழுதுங்கள், ஆட்டோவின் பின்னால் ஒட்டுங்கள், பாட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். எடுக்க மாட்டேன் என்று ஸ்டுடியோ அடம்பிடிக்காது. அடம்பிடிப்பது கடைக்காரரின் மச்சானாகத்தான் இருக்கும்.

போன் நம்பர் போனால் போகட்டும், கடை எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டாமா? வேண்டும். அதற்குப் பாடம் யோடோபாஷி கேமரா. டோக்கியோவின் ஷின்ஜுகு ரயில் நிலையத்துக்கு எதிரே வளர்ந்த எலக்ட்ரானிக்ஸ் கடை அது. பாட்டு ஒரு வரைபடம் போலவே போகிறது: வட்டமாகப் பச்சை நிற யமனோதே ரயில், அதன் நடுவே குறுக்காக ஓடும் சூவோ ரயில், ஷின்ஜுகு மேற்கு வாசல், நிலையத்துக்கு முன்னால் கடை. கதவு எண், தெருப் பெயர் எதுவும் கிடையாது. டோக்கியோக்காரர் தலைக்குள் ஏற்கெனவே இருக்கிற படத்தின் மேல் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போகிறது. வேறு ஊர்களில் கிளை திறந்தபோது அந்தந்த ஊருக்கு ஏற்ப வரிகளை மாற்றிக்கொண்டார்கள், மெட்டு மட்டும் அதே.

இந்த உத்திக்கு மதுரையைப் போல வசதியான ஊர் வேறு கிடையாது. கோவிலைச் சுற்றி அடுக்கடுக்காகச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி. ஊர்க்காரர் அத்தனை பேர் தலையிலும் இந்தப் படம் உண்டு. மேல மாசி வீதிக் கடைக்கு ‘சித்திரை தாண்டி, ஆவணி தாண்டி, மேல மாசி வீதி’ என்று பாடினால் 16 அசை. பீட்டுக்கு இரண்டு அசை வீதம் 8 பீட், அதாவது 4 நொடி. போன் நம்பரைவிடக் குறைவு, கேட்டவர் வழியும் கண்டுபிடித்துவிடுவார். கோவிலை விட்டு வெளியே இருக்கும் கடைக்கு ஆறு, பாலம், பஸ் ஸ்டாண்ட் மூன்றில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம். மாட்டுத்தாவணி, காளவாசல், கோரிப்பாளையம் போன்ற பெயர்கள் தாமாகவே தாளத்தில் விழும். ‘எதிர்ப்புறம்’, ‘அருகாமையில்’ போன்ற நோட்டீஸ் வார்த்தைகளைப் பாட்டுக்குள் விடாதீர்கள். ‘எதிரே’, ‘பக்கத்திலே’ போதும்.

யோடோபாஷியில் கவனிக்க இன்னொன்று உண்டு. மெட்டு அவர்களுடையது இல்லை; அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்துப் பழைய பாட்டின் மெட்டு. போட்டிக் கடையான பிக் கேமராவும் 1864-இல் எழுதிய ஒரு கிறிஸ்தவத் துதிப் பாட்டின் மெட்டைத்தான் எடுத்துக்கொண்டது. நம் நாட்டில் டைட்டன் வாட்ச் விளம்பரம் மொசார்ட்டின் 25-ஆவது சிம்பொனியை வைத்தே பெயர் வாங்கியது. உரிமைக் காலம் முடிந்த மெட்டு யாருக்கும் பொது. இந்தியச் சட்டப்படி இசையமைத்தவர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் மெட்டு பொதுச்சொத்தாகிவிடும். ஆனால் அதை வேறொருவர் வாசித்துப் பதிவுசெய்த ஒலிக்குத் தனி உரிமை உண்டு என்பதால் புதிதாக வாசித்துப் பதிவுசெய்ய வேண்டும். தெம்மாங்கும் கும்மியும் எந்தக் கம்பெனியின் சொத்தும் இல்லை. சினிமாவில் வந்த தெம்மாங்கில் மட்டும் கை வைக்காதீர்கள். அதில் இசையமைப்பாளர் சேர்த்தது எவ்வளவு, ஊரிலிருந்து வந்தது எவ்வளவு என்று நீங்கள் நிரூபித்துக்கொண்டிருக்க முடியாது.

இங்கேதான் மதுரை பேக்கேஜ்களின் பெரிய ஓட்டை. ‘ஹிட் பாட்டு மெட்டில் உங்கள் கடை’ என்பது நன்றாக விற்கிற அயிட்டம். சினிமாப் பாட்டின் கரோக்கி ட்ராக்கை எடுத்து வார்த்தையை மாற்றிப் பாடிக் கொடுக்கிறார்கள். ஆட்டோவில் ஓடும்வரை யாரும் கேட்க மாட்டார்கள். யூடியூபில் ஏற்றியதும், பாட்டுக் கம்பெனிகளுக்காக யூடியூப் வைத்திருக்கும் கன்டென்ட் ஐடி என்ற தானியங்கிச் சோதனை மெட்டைக் கண்டுபிடித்துவிடும். வீடியோ முடங்கலாம், அல்லது அதில் வரும் வருமானம் அவர்களுக்குப் போகலாம். வழக்கு என்று வந்தால் பதில் சொல்ல வேண்டியது விளம்பரம் போட்ட கடையும்தான். ஜப்பானில் இதற்குப் பேர்போன ஒரு வழக்கு உண்டு. பிரிட்ஜ்ஸ்டோன் டயருக்காக 1966-இல் கோபயாஷி அசே போட்ட விளம்பரப் பாட்டின் மெட்டைத் தழுவியிருப்பதாக 1992-இல் வந்த ஒரு பாட்டின் மேல் புகார். 2002-இல் டோக்கியோ உயர் நீதிமன்றம் கோபயாஷி பக்கம் தீர்ப்பளித்தது. 2003-இல் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டை ஏற்கவில்லை. வார்த்தையும் தாளமும் வேறாக இருந்தும் மெட்டு ஒன்றே போதுமானதாகிவிட்டது.

அந்தக் கோபயாஷி அசேதான் ஜப்பானின் மிகப் புகழ்பெற்ற விளம்பரப் பாட்டுக்கும் இசை. 1973-இல் தொடங்கிய ஹிட்டாச்சி மரப் பாட்டு. எழுதியவர் இட்டோ அகிரா. இது என்ன மரம் என்று கேட்டுத் தொடங்கும். பெயர் தெரியாத மரம், இதுவரை பார்த்தே இராத பூ பூக்கும் என்று போகும். முதலில் வரைந்த படத்தோடு வந்தது. பிறகு ஹவாயின் ஹோனலூலுவில் மோவனலுவா தோட்டத்தில் குடை விரித்து நிற்கும் ஒரு நிஜ மரத்தைக் காட்டினார்கள். நம்மூர்க்காரர் பார்த்தவுடன் பெயர் சொல்லிவிடுவார்: தூங்குமூஞ்சி மரம். நம் நெடுஞ்சாலை ஓரங்களில் நிழல் தருகிற அதே வகை. பாட்டின் வரிகளில் எந்திரம் இல்லை, மின்சாரம் இல்லை, விலை இல்லை. கூட்டுக் குரல்கள் நிதானமாகப் பாட, திரையில் குழும நிறுவனங்களின் பெயர்கள் வரிசையாக ஓடும், அவ்வளவுதான்.

ரசிக்க இதுதான் முதலிடம். ஆனால் மதுரைக் கடைக்கு இதைப் பார்த்து ஆர்டர் கொடுக்க வேண்டாம். பெயர் சொல்லாத பாட்டு வேலை செய்ய இரண்டு வேண்டும்: பல வருஷம் அதே பாட்டை விடாமல் ஒளிபரப்பப் பணம், நாடு முழுக்க ஏற்கெனவே தெரிந்த பெயர். இந்தக் குலத்துக்கு மூத்த பாட்டும் அப்படித்தான். ஜப்பானில் தனியார் வானொலி 1951 செப்டம்பர் 1 அன்று தொடங்கியது. அதே மாதம் 7 அன்று ஒலித்த, மிகி டோரிரோ எழுதி மெட்டமைத்த பாட்டைத்தான் அந்நாட்டின் முதல் விளம்பரப் பாட்டு என்கிறார்கள். ஃபிலிம் செய்த கோனிஷிரோகு நிறுவனத்துக்கானது. கேமராவும் கையுமாக அலையும் ஒரு கற்றுக்குட்டியைப் பற்றிய கேலிப் பாட்டு. அதிலும் நிறுவனத்தின் பெயர் கிடையாது. கிளை இல்லாத ஒற்றைக் கடை இந்தத் துறவறத்துக்கு ஆசைப்படக் கூடாது. மரப் பாட்டிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு என்றால் அது கேள்வியோடு தொடங்குவது. கேள்வி விழுந்தால் காது திரும்பும். ‘வாருங்கள் வாருங்கள்’ என்று தொடங்குகிற பாட்டுக்கு மதுரையில் யாரும் திரும்புவதில்லை.

சினிமாப் பாட்டு போல முழுப் பாட்டாகவே வெளியிட்டு, அதில் ஒரு துண்டை விளம்பரத்தில் ஓட்டுவது ஜப்பானில் 1970-களின் பிற்பகுதியிலிருந்து பெரிய வழக்கம். ஷிசெய்டோ, கனேபோ என்ற இரண்டு அழகுப்பொருள் நிறுவனங்களும் பருவத்துக்கொரு பாட்டென்று போட்டி போட்டன. கேட்க அருமை, உள்ளூர்க் கடைக்கு இதில் ஒன்றும் இல்லை.

ஒரு விதிவிலக்கு: பாடகர் யமஷிதா தட்சுரோவின் கிறிஸ்துமஸ் பாட்டு. 1983-இல் வெளிவந்தது. 1988-இலிருந்து சில வருஷம் குளிர்காலந்தோறும் ஜேஆர் டோக்காய் ரயில் நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒலித்தது; 1989 டிசம்பரில், வெளிவந்து ஆறு வருஷம் கழித்து, விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு ஏறியது. இன்றைக்கும் டிசம்பர் வந்தால் அங்கே அது ஒலிக்கும். பருவத்தோடு கட்டிய பாட்டை மாற்றக் கூடாது என்பதற்கு இது உதாரணம். மதுரையில் சித்திரைத் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் வருஷா வருஷம் புதுப் பாட்டு போடுகிறார்கள். போன வருஷப் பாட்டு ஜனங்கள் காதில் அப்போதுதான் ஏறத் தொடங்கியிருக்கும். அதற்குள் தூக்கிப் போட்டாயிற்று. திருவிழாவுக்கென்று ஒரு மெட்டு செய்து அதையே நாலைந்து வருஷம் ஓட்டுங்கள். தள்ளுபடி வரியை மட்டும் பேச்சுக் குரலில் மாற்றிக்கொள்ளலாம்.

எப்போது மாற்றலாம் என்பதற்கு ரீகெய்ன் என்ற சத்து பானம். 1989-இல் 24 மணி நேரமும் போராடத் தயாரா என்று அணிவகுப்புத் தாளத்தில் கேட்ட பாட்டு, பொருளாதாரம் குமிழி போல ஊதியிருந்த அந்தக் காலத்து அலுவலகத் தலைமுறைக்கு அடையாளமாகவே ஆனது. பத்து வருஷம் கழித்து 1999-இல், பொருளாதாரம் படுத்துக் கிடந்தபோது, அதே பெயருக்கு சகமோட்டோ ரியூயிச்சியின் தனிப் பியானோ. வார்த்தையே கிடையாது. அந்தப் பியானோ இசைத்தட்டு விற்பனையில் முதலிடம் பிடித்தது. ஊரின் மனநிலை மாறியதால் பாட்டு மாறியது. முதலாளிக்குச் சலித்துவிட்டது என்பது காரணமாகாது.

அளவுக்கு மீறினால் என்ன ஆகும் என்பதையும் ஜப்பான் பார்த்தாயிற்று. 2011 மார்ச் 11 பூகம்பத்துக்குப் பிறகு நிறுவனங்கள் தங்கள் விளம்பரங்களை நிறுத்திக்கொள்ள, காலியான நேரத்தில் ஏசி ஜப்பான் என்ற அமைப்பின் பொதுநல விளம்பரங்களே மாறி மாறி ஓடின. வணக்கம் சொல்லக் கற்றுத்தரும் ஒரு குழந்தைப் பாட்டு ஊரெல்லாம் வாயில் வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. ஒவ்வொரு விளம்பரத்தின் கடைசியிலும் வரும் அமைப்பின் பெயர் இசைக்கு எதிராகப் புகார்கள் குவிய, அந்த ஒலியை எடுத்துவிட்டார்கள். ஆட்டோ மைக்கில் ஒரே பாட்டை இடைவெளி இல்லாமல் சுற்றவிடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பாட்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரமாவது மௌனம் வேண்டும். ஸ்டுடியோவிடம் சொன்னால் அந்த மௌனத்தையும் சேர்த்தே ஃபைல் செய்து தருவார்கள். டிரைவர் நிறுத்திப் போட வேண்டியதில்லை. ஒலிபெருக்கிக்கு முன்கூட்டியே எழுத்துமூல அனுமதி வாங்க வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது.

இனி சேவைக்கே வருவோம். இங்கே கிடைப்பவை மூன்று வகை.

மலிவானது ரெடிமேட் ட்ராக். இசை முன்பே தயார். உங்கள் கடைப்பெயரை மட்டும் பாடிச் சேர்ப்பார்கள். அதே இசை அடுத்த வாரம் உசிலம்பட்டியில் ஒரு பாத்திரக் கடைக்கும் போகும், மேலூரில் ஒரு ஜவுளிக் கடைக்கும் போகும். கடை அடையாளத்துக்காகத்தான் பாட்டு என்றால் இதில் போடும் பணம் வீண். இதே விலையில் நல்ல குரலில் பேச்சு விளம்பரம் செய்துகொள்ளலாம்.

இரண்டாவது ஏஐ செய்கிற பாட்டு. வேகம் உண்டு, விலையும் குறைவு, முதல் தடவை கேட்டால் பிரமிப்பாகவும் இருக்கும். ழகரம் லகரமாகும். ஊர்ப் பெயர்கள் நெளியும். திருப்பரங்குன்றம் சரியாக வர எத்தனையோ முறை திருப்பிச் செய்ய வேண்டியிருக்கும். இலவசக் கணக்கில் செய்ததை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று நிபந்தனை போட்ட ஆப்களும் உண்டு. எந்தக் கணக்கில் செய்தது என்று ஸ்டுடியோவிடம் கேட்டு ரசீதின் நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது புதிதாக மெட்டமைத்துப் பாடகரை வைத்துப் பதிவுசெய்வது. இதற்குத்தான் பணம் கொடுக்கலாம், நிபந்தனைகளோடு. கீபோர்டில் வாசிக்கும் நாகஸ்வரத்தில் கமகம், அதாவது சுரத்தை அசைத்து வளைக்கிற நெளிவு, இருக்காது. சுரங்கள் படிக்கட்டில் இறங்குவது போல ஒவ்வொன்றாக விழும். எல்லாக் கருவியும் நேரடி வாசிப்பாக இருக்க வேண்டியதில்லை, ஒன்றே ஒன்று இருந்தாலும் முழுப் பாட்டும் உயிரோடு இருக்கும். தவிலோ நாகஸ்வரமோ, எதற்கு ஆள் வைப்பார்கள் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

மெட்டு கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியது குறில் நெடில். நீளமான சுரம் குறில் மேல் விழுந்தால் சொல்லே மாறிவிடும். நகைக் கடையில் ‘கடை’யை இழுத்தால் ‘காடை’. பட்டுக் கடைக்காரரின் ‘பட்டு’ ‘பாட்டு’ ஆகிவிடும். ஜப்பானிய மருந்து நிறுவனமான ஹிசமிட்சு தன் பெயரை ஹி, ச, மி, ட்சு என்று நாலு சுரத்தில் பாடி முடிப்பது சுகமாக இருக்கக் காரணம் அந்த மொழியில் நாலும் ஒரே மாத்திரை. ‘கணபதி’ என்று கடைப்பெயர் இருந்தால் அதே வசதி நமக்கும் உண்டு, நாலும் குறில், தகதிமியில் சொல்லிவிடலாம். ‘மீனாட்சி’ என்றால் முதல் இரண்டுக்கும் இடம் கொடுத்துக் கடைசியைச் சுருக்கித் தொட வேண்டும். மெட்டுக்குப் பெயரை வளைக்காமல் பெயருக்கு மெட்டை வளைக்கிறாரா என்பதில்தான் இசையமைப்பாளரின் கெட்டிக்காரத்தனம் தெரியும்.

அடுத்து ஹாரன் ஸ்பீக்கர். ஸ்டுடியோவில் பெரிய மானிட்டரில் போட்டுக் காட்டி ஓகே வாங்கிவிடுவார்கள். ஆட்டோ மேல் கட்டும் ஹாரன், மாடலுக்கு மாடல் மாறினாலும், சுமார் 400 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 6,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் பெரிதாக ஒன்றும் தராது. தவிலின் கனத்த பக்கமான தொப்பியின் சத்தம் காணாமல் போகும், மறுபக்கமான வலந்தலையின் ‘டக்’ மட்டும் மிஞ்சும். பேஸ் கிட்டார் இருந்த இடமே தெரியாது. ‘ஸ்’ ஒலி மேலே வெட்டுப்படுவதால் ‘ஸ்டோர்ஸ்’ வெறும் ‘டோர்’ ஆகும். அதனால் ஆட்டோவுக்குத் தனி மிக்ஸ் கேளுங்கள்: குரல் முன்னால், கருவிகள் பாதி, எதிரொலி அறவே வேண்டாம். தெருவே எதிரொலிக்கும், அதன் மேல் ஸ்டுடியோ எதிரொலியும் சேர்ந்தால் குழம்பிப்போகும். சோதிக்க ஆட்டோ வேண்டியதில்லை. பழைய போன் ஒன்றின் ஸ்பீக்கரில் போட்டு அடுத்த அறையில் நின்று கேட்டால் பாதி உண்மை தெரிந்துவிடும்.

ஒலி அளவு இன்னொரு தலைவலி. ஜப்பானிய டிவியில் 2012 அக்டோபரிலிருந்து சராசரி ஒலி அளவு மைனஸ் 24 எல்கேஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) என்று கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். கத்தி முன்னுக்கு வர முடியாது. இங்கே லோக்கல் கேபிளுக்கு எவ்வளவு சத்தமாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறார்கள் என்பதால் உச்ச சத்தத்தை அமுக்கி மொத்தத்தையும் உயர்த்தும் லிமிட்டர் கருவியை முட்ட முட்ட ஏற்றுகிறார்கள். அப்படிக் கொடுத்தது கேபிளில் மறுபடி அமுக்கப்பட்டு, உச்ச சுரத்தில் கரகரக்கும். பாடகி தொண்டையைக் குறை சொல்வார்கள், பாவம். சத்தத்தை இரண்டு படி குறைத்த இன்னொரு மாஸ்டரும் (இறுதிப் பிரதி) வாங்கி வையுங்கள்.

ஃபைல்கள்: எம்பி3 மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஃபைல், குரல் இல்லாத இசை, இசை இல்லாத குரல், பெயர் வரும் 2 நொடித் துண்டு தனியாக, 10 நொடி, 20 நொடி வெட்டு. வானொலியில் 10 நொடிக் கணக்கில்தான் நேரம் வாங்க வேண்டியிருக்கும். அப்போது ஸ்டுடியோவைத் தேடி அலைய வேண்டாம். சில இடங்களில் புராஜெக்ட்டை அழித்துவிடுவார்கள், பிறகு ஒரு வார்த்தை மாற்றவும் முழுப் பாட்டுக்குக் காசு கேட்பார்கள்.

எழுத்து வேலையில் பலர் கோட்டை விடுவது உரிமை மாற்றம். காசு கொடுத்ததால் மட்டும் பாட்டின் வரியும் மெட்டும் கடைக்காரருக்குச் சொந்தமாகிவிடாது. எழுதியவர், இசையமைத்தவர் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். பதிப்புரிமைச் சட்டம் 19-ஆம் பிரிவுப்படி அந்தத் தாளில் காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றே கணக்கு, எல்லை எழுதாவிட்டால் இந்தியா மட்டும். சிங்கப்பூரிலோ துபாயிலோ கிளை திறக்கும் எண்ணம் இருந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். முத்திரைத்தாளில் பெரிய ஒப்பந்தம் கேட்டுப் பயமுறுத்த வேண்டியதில்லை. எந்தப் பாட்டு, என்னென்ன உரிமை, எவ்வளவு காலம், எந்தெந்த நாடு, எவ்வளவு பணம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினாலே பெரும்பாலும் சச்சரவு வராது.

பெயர் வரும் அந்த 2 நொடியை ஒலி வணிகச் சின்னமாகவும் பதியலாம். ஜப்பான் 2015 ஏப்ரலில்தான் இதை அனுமதித்தது, ஹிசமிட்சுவின் நாலு சுரம் முதலில் பதிவானவற்றில் ஒன்று. இந்தியாவில் 2017 விதிகளின்படி 30 நொடிக்கு மேற்படாத எம்பி3-யும் அதன் சுரக் குறிப்பும் கொடுத்து விண்ணப்பிக்க வேண்டும். ஒற்றைக் கடைக்கு இது அவசரமில்லை. மூன்றாவது கிளை திறக்கும்போது யோசிக்கலாம். சுரக் குறிப்பை மட்டும் இப்போதே இசையமைப்பாளரிடம் எழுதி வாங்கிவிடுங்கள். பின்னால் அவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

தீபாவளிக்குப் பாட்டு வேண்டுமென்றால் ஆடி முடிவதற்குள் ஆர்டர் சொல்லுங்கள். புரட்டாசியில் போய் நின்றால் பாடகர் கிடைக்க மாட்டார், தவில்காரர் கச்சேரிக்குப் போயிருப்பார், கையில் திணிக்கப்படுவது ரெடிமேட் ட்ராக்காகத்தான் இருக்கும்.